ஒரே கேம், இரண்டு கன்சோல்: படத்தின் தரம் எங்கே பிரிகிறது?

2008 ஏப்ரல் 29 அன்று ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 இரண்டிலும் ஒரே நாளில் வெளிவந்தது. ஊர் ஒன்று, கதை ஒன்று, ஆனால் படம் மட்டும் ஒன்றாக இல்லை. எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் 1280-க்கு 720 பிக்சல் என்ற முழு அளவில் வரையப்பட்டது. பிளேஸ்டேஷனில் 1152-க்கு 640 அளவில் வரைந்து, டிவிக்குப் போகும் முன் பெரிதாக்கினார்கள். பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்தில் ஒரு பங்கு பிக்சல் குறைவு. அதனால் பிளேஸ்டேஷன் படத்தில் லேசான மங்கல் தெரிந்தது. அந்த மென்மைதான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று வாதாடியவர்களும் உண்டு.

பிளேஸ்டேஷன் 3 ஒரு வருடம் பிந்தி வந்த கன்சோல், விலையும் அதிகம். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ‘செல்’ புராசஸரைப் பற்றி அவ்வளவு பெரிதாகப் பேசியிருந்தார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் படம் ஏன் மங்க வேண்டும்? அந்தத் தலைமுறை முடியும்வரை இந்தக் கேள்வி ஓயவே இல்லை. என் பார்வையில் பதில் இதுதான்: ஒரே கேமை இரண்டு கன்சோலில் வைத்து ஒப்பிடும்போது நமக்குப் பெரும்பாலும் தெரியவருவது, அந்த கேம் எந்தக் கன்சோலுக்காக முதலில் எழுதப்பட்டது, மற்றதில் எந்த இடத்தில் இடறியது என்பதுதான். கன்சோலின் பலம் அதில் ஒரு பகுதியாகத்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ள இரண்டு பெட்டிகளின் உள்ளேயும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் 360-ல் 512 எம்பி மெமரி பொதுவில் இருந்தது. புராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் தேவைக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 3-லும் மொத்தம் அதே 512 எம்பிதான். ஆனால் 256 புராசஸருக்கு, 256 கிராஃபிக்ஸ் சிப்புக்கு என்று நடுவே பிரிவினை. போதாததற்கு, கன்சோலின் சொந்த மென்பொருள் எக்ஸ்பாக்ஸில் 32 எம்பி மட்டுமே எடுத்துக்கொண்டது. சோனியின் மென்பொருள் அதைவிட நிறையப் பிடித்துவைத்திருந்தது, பிறகுதான் படிப்படியாகக் குறைத்தார்கள்.

புராசஸரிலும் இரண்டும் வேறு வேறு வழி. எக்ஸ்பாக்ஸில் ஒரே மாதிரியான மூன்று கோர்கள். பிசிக்கு எழுதிப் பழகியவர் அதிகம் தடுமாறாமல் உள்ளே நுழைந்துவிடலாம். செல் புராசஸரில் பிரதான கோர் ஒன்றே ஒன்று. அதைச் சுற்றி எஸ்பியூ எனப்படும் எட்டு துணைக் கோர்கள். தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சிப்பை வீணாக்காமல் இருக்க ஒன்றை அணைத்துவிட்டார்கள், இன்னொன்று கன்சோலின் மென்பொருளுக்குப் போனது. மிச்சம் ஆறு. கணக்குப் போடுவதில் அசுர வேகம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி வெறும் 256 கேபி. வேண்டிய தரவைத் துண்டுபோட்டு உள்ளே கொண்டுவருவது, முடிந்ததை வெளியே அனுப்புவது எல்லாம் புரோகிராமரின் பொறுப்பு. மூன்று கோருக்கு எழுதிய புரோகிராமை அப்படியே கொண்டுவந்தால் எல்லாப் பாரமும் அந்த ஒற்றைப் பிரதான கோரின் தலையில் விழும், ஆறு எஸ்பியூவும் சும்மா கிடக்கும்.

கிராஃபிக்ஸ் சிப்பில் எக்ஸ்பாக்ஸுக்குத் தெளிவான அனுகூலம் இருந்தது. ஏடிஐ செய்த அந்தச் சிப்பின் 48 ஷேடர் அலகுகளும் பொதுவானவை. உருவங்களின் முனைகளைக் கணக்கிடும் வேலை அதிகமானால் அங்கே போகும், பிக்சலுக்கு நிறம் பூசும் வேலை கூடினால் இங்கே வரும். என்விடியா செய்த ஆர்எஸ்எக்ஸில் இரண்டு வேலைக்கும் தனித்தனி அலகுகள். ஒரு பக்கம் வேலை குவிந்து, மறுபக்கம் சும்மா இருக்கும் நேரங்கள் உண்டு.

எக்ஸ்பாக்ஸ் சிப்போடு ஒட்டியிருந்த 10 எம்பி மெமரிதான் அந்தத் தலைமுறைப் படத்தரத்தின் பாதிக் கதை. இடிராம் என்று பெயர். புகை, நெருப்பு, கண்ணாடி, புல் போன்ற ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரையவேண்டிய விஷயங்களை அது சுளுவாகத் தாங்கியது. பல கேம்களின் பிளேஸ்டேஷன் பதிப்பில் வெடிப்புப் புகை மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அந்த அடுக்குகளை மட்டும் பாதி ரெசல்யூஷனில் வரைந்து மெமரிப் போக்குவரத்தை மிச்சம் பிடித்தார்கள்.

ஆனால் அந்த 10 எம்பிக்கும் ஒரு விலை இருந்தது. 1280-க்கு 720 என்றால் 9,21,600 பிக்சல். நிறத்துக்கு 4 பைட், ஆழத்துக்கு 4 பைட் என்று வைத்தால் சுமார் 7 எம்பி. அதுவரை சரி. சாய்வான ஓரங்களில் தெரியும் படிக்கட்டை மழுக்க ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு மாதிரி எடுத்தால் அது 14 எம்பி ஆகிவிடும், 10-க்குள் அடங்காது. படத்தை இரண்டு துண்டாக்கி வரையலாம். அப்போது இரு துண்டிலும் கால் வைத்திருக்கும் உருவங்களை இரண்டு தடவை கணக்கிட வேண்டிவரும். இன்னொரு வழி, ரெசல்யூஷனையே குறைப்பது. 2007-ல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி 4’ 1024-க்கு 600-ல் ஓடியது. அந்த அளவில் இரண்டு மாதிரி எடுத்தால் 98,30,400 பைட். 10 எம்பிக்குள் கச்சிதமாக உட்காருகிறது. யாரும் சும்மா தேர்ந்தெடுத்த எண் இல்லை அது. அந்த வரம்பே இல்லாத பிளேஸ்டேஷன் 3-லும் அந்த கேம் அதே 1024-க்கு 600-ல்தான் ஓடியது. நொடிக்கு 60 ஃபிரேம் என்பதை இரண்டிலும் காப்பாற்றினார்கள், எச்டி என்று விற்ற கேம் எச்டி இல்லையே என்று குறைபட்டவர்கள் மிகக் குறைவு. கையில் பிடித்து விளையாடும்போது 60 ஃபிரேமின் சுகம்தான் முதலில் தெரியும்.

இந்த எண்களைக் கம்பெனிகள் பெட்டி மேல் அச்சடிப்பதில்லை. அப்புறம் எப்படித் தெரிகிறது? எண்ணித்தான். எச்டிஎம்ஐ வழியாகச் சுருக்கப்படாத படத்தை எடுத்து, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக ஓடும் ஒரு ஓரத்தைத் தேடுவார்கள், ஒரு கூரை விளிம்பையோ மின்கம்பியையோ. அதைப் பெரிதாக்கினால் படிப்படியாக இறங்குவது தெரியும். கேம் வரைந்த ஒவ்வொரு பிக்சல் வரிசைக்கும் ஒரு படி. திரையில் 18 பிக்சல் உயரம் இறங்கும் தூரத்தில் 18 படி இருந்தால் முழு 720. 16 படிதான் இருக்கிறது என்றால் 720-ஐ 16-ஆல் பெருக்கி 18-ஆல் வகுங்கள்: 640. நெட்டுக்குத்தான ஓரத்தில் இதையே செய்தால் அகலம் கிடைக்கும். ‘ஹேலோ 3’ 1152-க்கு 640-ல் ஓடுகிறது என்பது 2007-ல் இப்படித்தான் வெளியே வந்தது. அந்த கேமைச் செய்த பங்கி அதை ஒப்புக்கொண்டு, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கங்களைக் காப்பாற்ற ஒரே ஃபிரேமை மெமரியில் இரண்டு தனி இடங்களில் வரைகிறோம், அதற்கான இடம் வேண்டியிருந்தது என்று விளக்கம் சொன்னது.

ஃபிரேம் எண்ணிக்கையும் அப்படித்தான். டிவிக்கு நொடிக்கு 60 படம் போகிறது. அடுத்தடுத்த இரண்டு படம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் புதிய ஃபிரேம் வரவில்லை என்று பொருள். மேல் பாதி பழையதும் கீழ் பாதி புதியதுமாக இருந்தால் அது கிழிசல். கேம்களை அளந்து ஒப்பிடும் ரிச்சர்ட் லெட்பெட்டரின் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி இந்த வேலையை மென்பொருளில் ஏற்றி, கேமுக்கு அடியில் ஓடும் வரைகோடாகக் காட்ட ஆரம்பித்த பிறகு விவாதத்தின் தரமே மாறிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு “என்னுது பளிச்சென்று இருக்கு” என்று மல்லுக்கட்டிய காலத்துக்கு அது முடிவு கட்டியிருக்க வேண்டும். முழுதாகக் கட்டவில்லை.

ஏனென்றால் அந்த ‘பளிச்’ பல நேரம் கேமின் வேலையே இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 வெளிச்ச அளவுகளைக் கையாண்ட காமா வளைவு வழக்கமானதிலிருந்து விலகியது. வளைவுக்குப் பதில் சில நேர்க்கோட்டுத் துண்டுகளால் ஒப்பேற்றிய வடிவம் அது. அதனால் ஒரே கேமின் எக்ஸ்பாக்ஸ் படம் சற்று அழுத்தமாகவும் நிழல் கருமையாகவும் தெரியும். ‘ஹாஃப் லைஃப் 2’ செய்த வால்வ் போன்றவர்கள் இதற்கென்றே தனியாகத் திருத்தம் எழுதினார்கள். எழுதாதவர்களின் கேமில் வித்தியாசம் அப்படியே நின்றது. இதோடு டிவி செட்டிங். கன்சோல் வெளிச்ச அளவை 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால் இருட்டான இடமெல்லாம் மை பூசியதுபோல் ஆகும். தலைகீழாக அமைந்தால் படம் வெளிறிப் போகும். இப்படிப்பட்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து “இந்தக் கன்சோலின் கிராஃபிக்ஸ் சுமார்” என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். அந்தக் காலத்தில் அப்படி எழுதப்பட்டவை ஏராளம்.

சரி, உண்மையான வித்தியாசத்துக்கு வருவோம். அதில் என்னை இன்றும் உறுத்துவது ‘பயோனெட்டா’. 2009 அக்டோபரில் ஜப்பானில் வந்த அதிரடி சண்டை கேம். எதிரியின் அடி விழும் கணத்தில் விலகினால் காலம் மெதுவாகும். கண் இமைக்கும் நேரத்தில்தான் ஆட்டமே. பிளாட்டினம் கேம்ஸ் அதை எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எழுதியது, அங்கே 60 ஃபிரேமை ஒட்டி ஓடியது. பிளேஸ்டேஷன் 3 பதிப்பை வெளியீட்டாளரான சேகா தனியாகச் செய்துகொண்டது. கூட்டம் கூடும் சண்டைகளில் அது ஏறத்தாழ பாதி வேகத்துக்கு விழுந்தது. 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. எதிரி கை ஓங்குவதைப் பார்த்து பட்டனை அழுத்தும் ஆட்டத்தில் இது அழகு சம்பந்தப்பட்ட குறை மட்டும் இல்லை, ஆட்டமே வேறாகிவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் மெனுவைத் திறந்தால்கூட லோடிங். பிறகு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொள்ளும் வசதியைக் கொடுத்துக் கொஞ்சம் சரிசெய்தார்கள். அந்தப் பிளேஸ்டேஷன் பதிப்பை பிளாட்டினத்தின் பெரிய தோல்வியாகவே அதன் நிறுவனர்களில் ஒருவரான அட்சுஷி இனாபா பிற்பாடு குறிப்பிட்டார். அடுத்து அவர்கள் செய்த ‘வான்க்விஷ்’ 2010-ல் வந்தது. இந்த முறை இரண்டு பதிப்பையும் தாங்களே செய்தார்கள், பிளேஸ்டேஷன் 3-ஐ முதன்மையாக வைத்து. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஓடின. ஒரு வருட இடைவெளி, அதே கம்பெனி, அதே கன்சோல்கள். மாறியது எதை முதலில் வைத்துக் கட்டினார்கள் என்பதுதான்.

எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட கேம், எக்ஸ்பாக்ஸ் பின்னால் சேர்க்கப்பட்டது. பிளேஸ்டேஷனில் 1280-க்கு 720, எக்ஸ்பாக்ஸில் 1024-க்கு 576. ஒரு புளூரே டிஸ்கில் இருந்த காட்சிப் படங்களைச் சுருக்கி மூன்று டிவிடியில் திணித்தார்கள். இதை மட்டும் பார்த்தவர் பிளேஸ்டேஷன்தான் பலசாலி என்று சொல்லியிருப்பார், ‘பயோனெட்டா’ மட்டும் பார்த்தவர் நேர்மாறாக. ‘பர்ன்அவுட் பாரடைஸ்’ என்ற கார் கேமைச் செய்த கிரைட்டீரியன், பிளேஸ்டேஷனை முன்னால் வைத்து 2008 ஜனவரியிலேயே இரண்டிலும் 60 ஃபிரேம் எட்டிவிட்டது. வேலையைச் சிறு சிறு துண்டாக்கி எஸ்பியூக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி எழுதிய புரோகிராம், எக்ஸ்பாக்ஸின் மூன்று கோரிலும் நன்றாகவே ஓடும். எக்ஸ்பாக்ஸிலிருந்து பிளேஸ்டேஷனுக்கு வருவதுதான் கஷ்டம்.

மெமரிப் பிரிவினை காட்டிய கோலம் வேறு. 2011 நவம்பரில் வந்த ‘ஸ்கைரிம்’ முதல் சில மணி நேரம் இரண்டு கன்சோலிலும் நன்றாக இருக்கும். விளையாட விளையாட, நீங்கள் எடுத்த பொருள், தள்ளிவிட்ட பாத்திரம், கொன்ற ஆள் எல்லாம் சேவ் ஃபைலில் சேரும். அது பெரிதாகப் பெரிதாக பிளேஸ்டேஷன் 3 பதிப்பு திணற ஆரம்பித்தது, சிலருக்கு விளையாடவே முடியாத அளவுக்கு. கூடுதல் பாகமான ‘டான்கார்ட்’ 2012 ஜூனில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, பிளேஸ்டேஷனுக்கு 2013 பிப்ரவரியில்தான். வெளியான வாரத்தில் எழுதப்படும் ஒப்பீடு எதுவும் இப்படிப்பட்ட குறையைப் பிடிக்காது. ஐம்பது மணி நேரம் விளையாடியவருக்குத்தான் அது தெரியும்.

தலைமுறையின் பின்பாதியில் இடைவெளி சுருங்கியது. கிராஃபிக்ஸ் சிப்பின் குறையை எஸ்பியூக்களைக் கொண்டு நிரப்பக் கற்றுக்கொண்டார்கள். திரையில் தெரியாத முக்கோணங்களை முன்கூட்டியே கழித்துவிடுவது, படம் வரைந்தபின் ஓரங்களை மழுக்குவது போன்றவை புராசஸருக்குப் போயின. 2009 டிசம்பரில் வந்த ‘தி சபட்டியர்’ இதை அழகாகக் காட்டியது: பிளேஸ்டேஷனில் எஸ்பியூ செய்த ஓர மழுக்கலால் படம் வழவழவென்றிருந்தது, எக்ஸ்பாக்ஸில் படிக்கட்டு அப்படியே நின்றது. ‘பேட்டில்ஃபீல்ட் 3’ 2011-ல் வெளிச்சக் கணக்கையே எஸ்பியூக்களிடம் ஒப்படைத்தது. வன்பொருளில் ஒரு டிரான்ஸிஸ்டர்கூட மாறவில்லை.

2013 நவம்பரில் அடுத்த ஜோடி வந்தது. இப்போது இரண்டிலும் ஏஎம்டியின் ஏறக்குறைய ஒரே வகைச் சிப். ஆகவே இந்த முறை ஒப்பீடு நேரடியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், ஓரளவு அப்படியே நடந்தது. பிளேஸ்டேஷன் 4-ல் 18 கணக்கீட்டு அலகுகள், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 12. ‘கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸ்’ பிளேஸ்டேஷனில் 1080 வரிசை, எக்ஸ்பாக்ஸில் 720. ‘பேட்டில்ஃபீல்ட் 4’ பிளேஸ்டேஷனில் 900, எக்ஸ்பாக்ஸில் 720. மைக்ரோசாஃப்ட் இந்தத் தடவையும் சிறிய வேக மெமரி ஒன்றை வைத்திருந்தது, 32 எம்பி. உதாரணத்துக்கு, பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஐந்து தளங்களை வைத்து வரையும் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-க்கு 1080-ல் அதற்கு ஏறக்குறைய 40 எம்பி வேண்டும். 1600-க்கு 900 என்றால் 28 எம்பிக்குள் முடிந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள் இத்தனை 900-ல் வந்து நின்றதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் அதே ஜோடியில் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’யும் இருக்கிறது. 2014 அக்டோபரில், வீண் விவாதங்களைத் தவிர்க்க இரண்டு கன்சோலுக்கும் 900, 30 ஃபிரேம் என்று வைத்துவிட்டோம் என்று அதன் தயாரிப்பாளர் ஒருவர் சொல்லப்போக, பிளேஸ்டேஷன்காரர்கள் கொதித்துப் போனார்கள். எக்ஸ்பாக்ஸுக்காக எங்கள் கன்சோலை அமுக்கிவிட்டார்களே என்ற கோபம். நவம்பரில் கேம் வந்தது. அளந்து பார்த்தால், பாரிஸ் வீதிகளில் கூட்டம் திரண்ட இடங்களில் எக்ஸ்பாக்ஸ் ஒன் சற்று முன்னே நின்றது. ஆயிரக்கணக்கான ஆட்களின் நடமாட்டத்தைக் கணக்கிடுவது புராசஸரின் வேலை. அதன் வேகம் எக்ஸ்பாக்ஸில் 1.75 கிகாஹெர்ட்ஸ், பிளேஸ்டேஷனில் 1.6. கிராஃபிக்ஸ் சிப் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது காத்துக்கொண்டுதான் நின்றிருக்கும்.

2020 நவம்பரில் வந்த ஜோடியிலும் பெட்டி மேலுள்ள எண்ணை நம்பியவர்கள் திகைத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப்ஸ், பிளேஸ்டேஷன் 5 10.28. இருந்தும் ‘அசாசின்ஸ் க்ரீட் வல்ஹல்லா’ வெளியானபோது பிளேஸ்டேஷனில் 60 ஃபிரேம் கூடுதல் சீராக நின்றது, எக்ஸ்பாக்ஸில் கிழிசல் அதிகம். அலகுகள் குறைவு என்றாலும் பிளேஸ்டேஷன் சிப் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், எக்ஸ்பாக்ஸ் 1.825. டெராஃப்ளாப்ஸ் என்பது ஷேடர் அலகுகளின் உச்சபட்சக் கணக்கு மட்டுமே. சிப்பின் மற்ற பகுதிகள் எல்லாம் கடிகார வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மைக்ரோசாஃப்ட்டின் டெவலப்மென்ட் கருவிகள் தாமதமாகப் பக்குவப்பட்டதும் அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம்.

இன்று பிக்சல் எண்ணுவதே சிரமமாகிவிட்டது. கூரை விளிம்பில் படி எண்ணிய முறை, ஒரு கேமுக்கு ஒரே ரெசல்யூஷன் இருந்த காலத்துக்கானது. இப்போது பாரத்துக்கேற்ப ரெசல்யூஷன் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறி இறங்குகிறது. முந்தைய ஃபிரேம்களிலிருந்து விவரத்தைச் சேர்த்து எஃப்எஸ்ஆர் போன்ற முறைகள் படத்தைப் பெரிதாக்குகின்றன. நின்று பார்த்தால் 4கே போலத் தெரியும், கேமராவை வேகமாகத் திருப்பினால் இலைகளும் முடியும் கலங்கும். ஆகையால் ஒப்பீட்டை வாசிக்கும்போது மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: மிகக் கனமான காட்சியில் ரெசல்யூஷன் எவ்வளவு கீழே போகிறது, அப்போது ஃபிரேம் நேரம் சீராக இருக்கிறதா, நகரும்போது எடுத்த படம் இருக்கிறதா. நின்றுகொண்டு எடுத்த ஒற்றை ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி யாராவது தீர்ப்பு சொன்னால், எந்த பேட்ச் (வெளியானபின் வரும் திருத்தம்), எந்த மோட், டிவி செட்டிங் என்ன என்று கேளுங்கள். கேம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் பழைய ஒப்பீட்டை விட்டுவிட்டுப் புதிதாக அளந்ததைத் தேடுங்கள். பேட்ச் வந்தபின் வெளியீட்டு நாள் எண்கள் அப்படியே நிற்பது அபூர்வம்.